60 கிலோமீட்டர் நடந்த கால் 150 படியில் ஏன் நின்றது?

போஸ்ட்மரம்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 65. மின்வாரியத்தில் 31 வருஷம் லைன்மேன் வேலை, ஓய்வு பெற்று 5 வருஷம் ஆகிறது. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லில் இருந்து பழனிக்குப் பாதயாத்திரை போனோம். கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். நடுவில் ஒட்டன்சத்திரத்தில் ஒரு ராத்திரி படுக்கை. இடது பாதத்தில் ஒரு கொப்புளம் வந்ததோடு சரி. 20 வயது சின்னப் பையன்களோடுதான் நடந்தேன், யாரும் எனக்காக நின்று காத்திருக்கவில்லை.

மலைக்கு வந்ததும் "அண்ணே, யானைப்பாதையில் போயிடுங்க" என்றார்கள். கேட்கவில்லை. படியில்தான் ஏறினேன். 150 படி தாண்டியதும் தொடை இரண்டும் சிமெண்டு மூட்டை கட்டியதுபோல் கனத்துவிட்டது. நெஞ்சு வலி இல்லை, படபடப்பு இல்லை, மூச்சு வாங்கியது ஆனால் திணறவில்லை. கால்தான் எழும்பவில்லை. 4 நிமிஷம் உட்கார்ந்தேன், சரியானது. அடுத்து 90 படியில் மறுபடி. அதற்கப்புறம் 60. மொத்தம் 5 இடத்தில் உட்கார்ந்து மேலே போய்ச் சேர்ந்தேன். 45 வயதில் அக்கா பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த 693 படியையும் உட்காராமல் ஏறியவன் நான்.

நடந்த களைப்பு என்று சொல்வீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதனால் ஒரு மாதம் கழித்து பஸ்ஸில் போய், அடிவாரத்தில் இட்லி சாப்பிட்டு, ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஏறிப் பார்த்தேன். 170 படி. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

டாக்டரிடம் போனேன். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தார்கள், எதிலும் குறை இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 13.6. "வயசாகுதில்ல" என்று சிரித்துவிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டில் கரண்ட் இல்லை என்று போன் வந்தால், "டிரான்ஸ்பார்மர் பழசாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு நான் திரும்பி வர முடியுமா? ஃபியூஸ் போச்சா, ஜம்பர் அறுந்ததா, லைனா, லோடா என்று பார்த்தாக வேண்டும். வயசு வயசு என்கிறார்களே, அது தசைக்குள்ளே எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? சமதரையில் 60 கிலோமீட்டர் போன கால் படியில் மட்டும் ஏன் டிரிப் ஆகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


உடலியங்கியல் டீச்சர்:

அண்ணா, 28 வருஷம் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்தினேன். பஸ்ஸில் போய் மறுபடி ஏறிப் பார்த்தீர்களே, அதற்கே முழு மார்க்.

முதலில் இருப்பைப் பார்ப்போம். தசை சுருங்க ஏ.டி.பி. என்ற சக்தி மூலக்கூறு வேண்டும். முழு வேகத்தில் உழைத்தால் தசையில் இருக்கிற ஏ.டி.பி. 2, 3 வினாடிக்குக்கூடத் தாங்காது. அது தீர்வதற்குள் பாஸ்போகிரியேட்டின் என்ற இன்னொரு பொருள் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏ.டி.பி.யை ஈடுகட்டும். அதுவும் சுமார் 10 வினாடிக்குத்தான். அதற்கு மேல் இரண்டு வழி. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை அவசரமாக உடைப்பது ஒன்று. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சக்திக் கூடத்தில் ஆக்சிஜனோடு நிதானமாக எரிப்பது மற்றொன்று. நிமிஷக் கணக்கில் படி ஏறுவதென்றால் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவின் பொறுப்பு. அது கொடுப்பது போதாதபோது முதல் வழி கூடுதலாக ஓடும். அப்போது தசையில் அமிலமும் பாஸ்பேட்டும் சேரும், கால் கனக்கும்.

இங்கே ஒரு கதை சொல்லாமல் போக மனமில்லை. பாஸ்போகிரியேட்டினை 1927-ல் ஹார்வர்டில் கண்டவர்கள் ஃபிஸ்கும் எல்லாப்பிரகட சுப்பாராவும். அதே சமயத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் கண்டார்கள். 1929-ல் ஏ.டி.பி.யையும் ஃபிஸ்கும் சுப்பாராவும் பிரித்தெடுத்தார்கள், ஜெர்மனியில் லோமன் தனியாகக் கண்டதும் அதே வருஷம்தான். சுப்பாராவ் பீமவரத்துக்காரர், படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். கதராடை உடுத்தியதில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம், அதனால் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். ஊர் ஊராக யானைக்கால் நோய்க்குக் கொடுக்கிறார்களே டி.இ.சி. மாத்திரை, அதுவும் பின்னாளில் அவருடைய குழுவில் பிறந்ததுதான். உங்கள் தொடைக்குள் நடப்பதன் முதல் பக்கத்தை எழுதியவர் சென்னையில் படித்தவர் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, பழுது எங்கே? உங்கள் பாஷையில் தப்பாகச் சொன்னால் திருத்துங்கள். டிரான்ஸ்பார்மர் எரியவில்லை, அதன் கே.வி.ஏ., அதாவது தாங்கும் லோடு, குறைந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது 65 வயதுத் தசையிலும் 25 வயதுத் தசையிலும் ஏ.டி.பி. அளவில் பெரிய வித்தியாசம் இருக்காது. உச்ச லோடு கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். சமதரையில் நடக்க, ஓய்வில் ஆகும் செலவைப்போல் 3 மடங்கு சக்தி போதும். விறுவிறுவென்று படி ஏற 8 மடங்கு வரை ஆகலாம். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது, 70-க்கு மேல் இன்னும் வேகமாக. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: 45-ல் உங்கள் உச்சம் 10 மடங்கு என்றால் 8 அதற்குள் அடங்கியது. இன்று உச்சம் 8 என்றால் படி ஏறுவதே உச்சம். 3 மடங்கு நடைக்கு அன்றைக்கும் இடம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

இந்தக் குறையை ஊசி குத்தாமலே அளக்க முடியும். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, காலை உதைக்கச் சொல்லி, நிறுத்தியதும் பாஸ்போகிரியேட்டின் எவ்வளவு சீக்கிரம் திரும்ப நிரம்புகிறது என்று பார்ப்பார்கள். நிரப்புவது மைட்டோகாண்ட்ரியா, ஆகவே நிரம்பும் வேகம்தான் அதன் திறன். 1958-ல் தொடங்கிய பால்டிமோர் முதுமை ஆய்வில் இதைத் தொடைத் தசையில் அளந்தார்கள். வயது கூடக் கூட நிரம்ப நேரமாகிறது, மெதுவாக நிரம்புகிறவர்கள் மெதுவாக நடப்பவர்களாகவும் இருந்தார்கள். நீங்கள் 4 நிமிஷம் உட்கார்ந்ததும் சரியானது என்றீர்களே, உள்ளே நடந்தது இந்த நிரப்பும் வேலைதான். ஆனால் சேர்ந்த அமிலம் முழுதாக வெளியேற 4 நிமிஷம் போதாது. அதனால்தான் 150, பிறகு 90, பிறகு 60.

மைட்டோகாண்ட்ரியா ஏன் தளர்கிறது என்பதற்கு ஒரே ஒரு குற்றவாளி இல்லை. எண்ணிக்கையும் குறைகிறது, ஒவ்வொன்றின் திறனும் குறைகிறது. பழுதானதைப் பிரித்துக் கழித்துவிட்டுப் புதியது கட்டும் வேலை மந்தமாகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக, அம்மாவிடமிருந்து மட்டும் வருகிற 37 மரபணு உண்டு. சக்தி தயாரிப்பில் மின்னணுக்கள் (எலக்ட்ரான்) ஓடும் சங்கிலியின் பக்கத்திலேயே அது இருப்பதால் வயதோடு வெட்டுக்கள் சேர்கின்றன. சில தசை நார்களில் அங்கங்கே ஒரு துண்டு முழுக்கச் செயலிழந்து கிடப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஆனால் மொத்தத் தசையில் அது சிறு பங்குதான், எல்லாப் பழியையும் அதன்மேல் போட மாட்டேன்.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மைட்டோகாண்ட்ரியாவின் உள் சவ்வுக்கு இரண்டு பக்கமும் சுமார் 0.15 வோல்ட் வித்தியாசம் இருக்கும். அந்த அழுத்தத்தில் புரோட்டான் உள்ளே பாயும்போதுதான் ஏ.டி.பி. தயாராகிறது. இதைச் சொன்ன பீட்டர் மிட்செலுக்கு 1978-ல் நோபல் கொடுத்தார்கள்.


கோல்டன் லைஃப் 60:

இதற்கெல்லாம் இவ்வளவு விளக்கம் எதற்கு சார்? என்.எம்.என். என்று ஒரு பவுடர் வருகிறது. செல்லுக்குள் சக்தியை ஏற்றிவிடும். நான் 6 மாதமாக எடுக்கிறேன், 30 வயது ஆள் மாதிரி இருக்கிறேன். வேண்டுமென்றால் உள்பெட்டியில் வாருங்கள், தள்ளுபடி உண்டு.


போஸ்ட்மரம்:

கோல்டன் சார், தள்ளுபடிக்கு நன்றி. நீங்கள் பழனி படியில் ஏறி எத்தனையில் உட்கார்ந்தீர்கள் என்று எழுதுங்கள், அப்புறம் உள்பெட்டிக்கு வருகிறேன்.

டீச்சரம்மா, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். 0.15 வோல்ட் என்றதும் முதலில் சிரிப்பு வந்தது. ஒரு டார்ச் செல்லே ஒன்றரை வோல்ட். அப்புறம் அந்தச் சவ்வு எவ்வளவு கனம் என்று மகனைத் தேடச் சொன்னேன். 5 நானோமீட்டராம். பழைய நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட் வருகிறது! காற்று 30 லட்சத்திலேயே பொறி பறந்து உடைந்துவிடும். 11 கே.வி. லைனில் கை வைக்காமல், லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சை இழுத்தே காலம் தள்ளியவன் நான். என் தொடைக்குள்ளே இப்படி ஒன்றை வைத்துக்கொண்டா 8 மீட்டர் போஸ்ட்டில் இடுப்புக் கயிற்றோடு தொங்கினேன்? அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இன்சுலேஷன் அவ்வளவு மெல்லிசு என்றால் வயசானால் லீக் ஆகாதா? இது முதல் கேள்வி.

இரண்டாவது ஒரு திருத்தம். எங்கள் டிரான்ஸ்பார்மர் லோடே இல்லாமல் 10 வருஷம் நின்றாலும் 100 கே.வி.ஏ. என்று தகட்டில் இருந்தால் 100தான். உங்கள் டிரான்ஸ்பார்மர் அப்படி இல்லை போலிருக்கிறதே? ஏன் கேட்கிறேன் என்றால், ஓய்வு பெற்றதில் இருந்து நான் போஸ்ட் ஏறவில்லை, பாரம் தூக்கவில்லை. டீக்கடைக்குக்கூட வண்டிதான். பாதயாத்திரைக்கு முன் இரண்டு மாதம் நடந்து பழகியதோடு சரி.

மூன்றாவது, சர்க்கரைக்கு மெட்பார்மின் காலையிலும் ராத்திரியும் 500. கொழுப்புக்கு ராத்திரி ஒரு மாத்திரை. என் மச்சான் "கொழுப்பு மாத்திரை தசையைத் தின்னுடும், நிறுத்துங்க மாமா" என்று ஒரே பிடியாக நிற்கிறார். அவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார்.


உடலியங்கியல் டீச்சர்:

லீக் உண்டு அண்ணா. இளம் வயதிலும் கொஞ்சம் உண்டு, ஏ.டி.பி. ஆகாமல் வெறும் சூடாகப் போகும். வயதான எலியின் தசையில் அந்தக் கசிவு கூடுவதை அளந்திருக்கிறார்கள். அதே ஆக்சிஜனுக்குக் குறைந்த ஏ.டி.பி. கிடைக்கும்.

திருத்தத்தை ஒப்புக்கொள்கிறேன். என் உவமை உடைகிற இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். தசையில் தகடு கிடையாது. லோடு கொடுத்தால் கே.வி.ஏ. ஏறும், எடுத்தால் இறங்கும். 1967-ல் ஹாலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை ஓட வைத்துக் காட்டியது இதுதான்: சில வாரங்களில் தசை மைட்டோகாண்ட்ரியாவின் என்சைம்கள் இரண்டு மடங்கு.

மனிதர்களில் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவில் நடந்த டல்லாஸ் ஆய்வு. 1966-ல் 20 வயதுப் பையன்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். ஆக்சிஜன் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் விழுந்தது. 30 வருஷம் கழித்து அதே 5 பேரைத் தேடிப் பிடித்து அளந்தார்கள். தொப்பை விழுந்து 50 வயதாகி இருந்தார்கள். 30 வருஷ வயோதிகம் செய்த சேதம் அந்த மூன்று வாரப் படுக்கை செய்ததைவிடக் குறைவு! பிறகு 6 மாதம் நிதானமாகப் பயிற்சி கொடுத்தார்கள். 20 வயதில் படுக்கப்போகும் முன் இருந்த அளவுக்குத் திரும்பி வந்தார்கள். இதில் நமக்கு வேண்டிய விஷயம் இன்னொன்று இருக்கிறது: இதயம் அனுப்பும் ரத்தத்தின் உச்ச அளவு அந்தப் பயிற்சியில் கூடவில்லை. வந்த ரத்தத்தில் இருந்து தசை அதிகமாக ஆக்சிஜனை உறிஞ்சப் பழகிக்கொண்டது. அதாவது பவர் ஹவுஸ் அதேதான், தெருமுனை டிரான்ஸ்பார்மர்தான் மாறியது.

உங்களைவிட மூத்தவர்களிலும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஸ்ரீகுமாரன் நாயர் குழு 2017-ல் வெளியிட்டது. வேகமாக 4 நிமிஷம் சைக்கிள் மிதித்து 3 நிமிஷம் ஆறி, மறுபடி மிதிப்பது, இப்படி 12 வாரம். தசை மைட்டோகாண்ட்ரியாவின் திறன் இளையவர்களுக்கு 49 சதவீதம் கூடியது, 65 முதல் 80 வயதுக்காரர்களுக்கு 69 சதவீதம். கீழே இருந்தவர்களுக்கு ஏற இடம் அதிகம், அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாமே திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன். தண்டுவடத்தில் இருந்து தசைக்கு வரும் நரம்பு செல்கள் 60-க்கு மேல் கழிகின்றன, அவை திரும்புவதில்லை. அவற்றின் வேகமான தசை நார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தத்து எடுத்துக்கொள்ளும், மற்றவை சுருங்கிப்போகும்.

மாத்திரைக்கு வருவோம். மெட்பார்மின் மைட்டோகாண்ட்ரியாவின் மின்னணுச் சங்கிலியில் முதல் கண்ணியை லேசாகப் பிடித்து வைக்கும் மருந்து. 2019-ல் ஒரு ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத 60 வயதுக்காரர்களுக்கு அதைக் கொடுத்துப் பயிற்சி செய்ய வைத்தபோது, மைட்டோகாண்ட்ரியாவின் திறன் சராசரியாக ஏறவில்லை. ஆனால் உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. கட்டுப்படாத சர்க்கரை தசைக்குச் செய்யும் கெடுதல் இதைவிட எத்தனையோ பங்கு. நிறுத்தாதீர்கள். பல வருஷம் மெட்பார்மின் எடுத்தால் பி12 குறையலாம், அதை மட்டும் டாக்டரிடம் சொல்லிப் பார்த்துவிடுங்கள். வைட்டமின் டி, தைராய்டும் சேர்த்து.

மச்சானுக்கு: கொழுப்பு மாத்திரையால் நிஜமாகவே தசை கெடுவது உண்டு, ஆனால் அபூர்வம். சந்தேகம் இருந்தால் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இங்கிலாந்தில், பக்க விளைவு தாங்காமல் அந்த மாத்திரையை விட்டவர்கள் 60 பேருக்கு ஒரு மாதம் நிஜ மாத்திரை, ஒரு மாதம் வெற்று மாத்திரை, ஒரு மாதம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நிஜ மாத்திரையில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. பாதிப் பேர் மறுபடி மாத்திரைக்குத் திரும்பினார்கள்.

கோல்டன் லைஃப் அவர்களுக்கு: என்.எம்.என். ரத்தத்தில், செல் சக்தி தயாரிக்க உதவும் என்.ஏ.டி. என்ற பொருளின் அளவை ஏற்றுவது உண்மை. அதனால் கால் பலமாகிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. விற்பனையை இங்கே வேண்டாம்.


மலையடிவார பிசியோ:

ஐயா, நான் பிசியோதெரபிஸ்ட். டீச்சர் உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டார்கள், நான் வெளியே இருப்பதை மட்டும்.

கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு 5 தடவை முழுதாக எழுந்து உட்காருங்கள், யாராவது செல்போனில் நேரம் பார்க்கட்டும். ஆசிய நாடுகளுக்கு வைத்திருக்கும் அளவின்படி 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் தசை பின்தங்கிவிட்டது என்று அர்த்தம்.

நீங்கள் நடக்கிறீர்கள், அது நல்லது. ஆனால் நடை உங்கள் உச்சத்தைத் தொடுவதே இல்லை. வாரத்தில் மூன்று நாள் வீட்டு மாடிப்படியிலோ ஏதாவது மேட்டிலோ பேச்சு தடைபடும் அளவுக்கு ஒரு நிமிஷம் ஏறி, இறங்கி, மூச்சு சமப்படும் வரை ஆறி, மறுபடி. முதல் வாரம் 4 தடவை போதும். எண்ணிக்கையை மெதுவாக ஏற்றுங்கள். மற்ற இரண்டு நாள் பாரம். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பிறகு இரண்டு கையிலும் 5 லிட்டர் கேன் பிடித்துக்கொண்டு. இறங்கும்போது முட்டி முன்னால் போகாமல் மெதுவாக இறங்குங்கள். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சாப்பாட்டில் என் நோயாளிகள் எல்லோரும் கோட்டை விடும் இடம் புரதம். உங்கள் வயதில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று சொல்வார்கள், சிறுநீரகம் நன்றாக இருந்தால். ஒரு முட்டையில் 6 கிராம்தான். காலையில் 4 இட்லி, சட்னி என்றால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே பாருங்கள்.


போஸ்ட்மரம்:

நான்கு மாதம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

நாற்காலி டெஸ்ட் முதல் நாள் 16 வினாடி. நேரம் பார்த்த வீட்டம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நீ செய் பார்ப்போம் என்றேன். வயது 61, முட்டி வலி என்று தினமும் தைலம் தேய்ப்பவள். 11 வினாடி. மாடியில் துணி காயப்போட ஒரு நாளைக்கு 3 தடவை ஏறுகிறாள், அரிசி மூட்டையை அவள்தான் நகர்த்துகிறாள். எனக்கு இதுவரைக்கும் தெரியாது.

பி12 குறைவாகத்தான் இருந்தது, ஊசி போட்டார்கள். சி.கே. சரியாக இருந்தது, கொழுப்பு மாத்திரை தொடர்கிறது. மச்சான் பேசுவதில்லை.

படிப் பயிற்சிக்கு எங்கள் தெருவில் தண்ணீர்த் தொட்டி ஏணி வேண்டாம் என்று மகன் தடுத்துவிட்டான். ஊருக்கு வெளியே சின்னக் கரடு ஒன்று இருக்கிறது, 80 படி. முதல் வாரம் 4 தடவை ஏறி இறங்கி, மறுநாள் வண்டியைக்கூட ஸ்டாண்டு போட முடியவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று பிசியோ தம்பி சொல்லியிருக்கலாம். இப்போது 9 தடவை. இட்லி 3 ஆனது, கூடவே 2 முட்டை. சாயங்காலம் கொண்டைக்கடலை.

நாற்காலி இப்போது 12-க்கும் 11-க்கும் நடுவில் நிற்கிறது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு பழனிக்குப் போனேன். 150-ஐத் தாண்டும்போது காலைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். 310 வரை உட்காரவில்லை. அங்கே இரண்டு நிமிஷம், நின்றபடியே. அடுத்தது 520-ல், இது உட்கார்ந்து. பிறகு மேலே. 45 வயதுக் கணக்கு வரவில்லை, வராது என்று டீச்சரம்மா சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

இறங்கும்போது ஒரு சந்தேகம். ஏறும்போது ஒன்றும் செய்யாத தொடை இறங்கிய இரண்டாம் நாள்தான் வலிக்கிறது. இறங்க சக்தி குறைவாகத்தானே வேண்டும்? அடுத்த தடவை விஞ்சில் இறங்கலாமா, படியிலேயே இறங்கலாமா?


மலையடிவார பிசியோ:

படியிலேயே இறங்குங்கள் ஐயா. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. சக்தி குறைவாகத்தான் செலவாகும், ஆனால் நார்கள் அதிகம் இழுபடும், அந்த வலிதான் இரண்டாம் நாள் வருவது. இரண்டு மூன்று தடவை இறங்கினால் பழகிவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள், மழை நாளில் மட்டும் விஞ்ச்.